பிளஸ் டூ-வில் கணக்கு இல்லை: ஜியாலஜி, சுற்றுச்சூழல் படிப்புகளுக்கு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

தங்கச்சிமடத்தான்

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு ரிசல்ட் வந்துவிட்டது. இயற்பியல் 81, வேதியியல் 78, தாவரவியல் 90, விலங்கியல் 88. கணக்கு எடுக்கவில்லை. நீட் எழுதவில்லை, எழுதுகிற எண்ணமும் அவளுக்கு இல்லை.

அப்பாவுக்கு நாட்டுப்படகு. அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து அவற்றில் இறங்கக்கூடாது என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். "எந்தத் தீவில் இறங்கலாம், எங்கே பாசி எடுக்கலாம்னு முடிவு பண்றவங்க எல்லாம் என்ன படிச்சாங்க? அதைத்தான் நான் படிப்பேன்" என்கிறாள். கடல், கரை, மண், நிலத்தடி நீர், இதற்குள் ஏதோ ஒன்று வேண்டுமாம்.

நான் படித்தது ஐ.டி.ஐ. எனக்குத் தெரிந்த வரை நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். பி.எஸ்சி ஜியாலஜி (பாறை, மண், நிலத்தடி பற்றிய படிப்பு), பி.எஸ்சி சுற்றுச்சூழல் அறிவியல், மீன்வளப் படிப்பு, ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் (கணினி வழி நிலவரைபடப் படிப்பு), ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம்), பாண்டிச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம். எது சுலபமாகக் கிடைக்கும், எதற்கு என்ன தகுதி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கீழக்கரை நெட்சென்டர்

தம்பி, கடைசி இரண்டையும் இப்போதே அடித்துவிடுங்கள். மார்க்கில் குறை இல்லை, தேதிதான் போய்விட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைக்கு 2022-லிருந்து சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு. அதற்கான விண்ணப்பம் நம் ரிசல்ட்டுக்கு வெகு முன்னாலேயே திறந்து மூடிவிடும். ஐசருக்கான ஐ.ஏ.டி. தேர்வும் அப்படித்தான். ஒவ்வொரு மே மாதமும் என் கடைக்கு ரிசல்ட் தாளோடு வந்து "ஐசருக்குப் போட்டுக் கொடுங்க காக்கா" (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) என்று கேட்பவர்கள் உண்டு. என்ன சொல்லி அனுப்புவது? அதெல்லாம் பிளஸ் டூ தொடங்கும்போதே காலண்டரில் வட்டம் போட வேண்டிய விஷயம்.

அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு இப்போதுதான் நேரம். ஒரே இணையதள விண்ணப்பம், 48 ரூபாய் கட்டணம், 2 ரூபாய் பதிவு. அதிலேயே பல கல்லூரி தேர்ந்தெடுக்கலாம். மொழிப்பாட மார்க்கை விட்டுவிட்டு நான்கு பாடத்தையும் கூட்டி 400-க்குத்தான் தரவரிசை. தங்கச்சிக்கு 337 வருகிறது.

---

பனைக்குளம் வாத்தியார்

கணக்கு இல்லாததால் என்ன போகிறது, என்ன போகவில்லை என்று முதலில் தெளிவாகிவிடலாம்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கும் பி.இ. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் போகிறது. பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குத்தான் கட்-ஆஃப். கணக்கே இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை. காரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஐ.ஐ.டி-களில் பிளஸ் டூ முடித்ததும் ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ் சேரலாம். ஆனால் அது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு வழி, அதற்கும் கணக்கு வேண்டும், அதுவும் போகிறது.

ஐசர் மட்டும் விசித்திரம். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்கில் மூன்று படித்திருந்தால் போதும், பிளஸ் டூ-வில் 60 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 55). போபாலில் புவி, சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்றே துறை இருக்கிறது. தகுதி உண்டு, ஆனால் தேர்வில் 60 கேள்வியில் 15 கணக்கு. கணக்குப் படிக்காத பிள்ளை கால்வாசித் தாளை விட்டுவிட்டுத்தான் மற்றவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். விண்ணப்பிக்கலாம் என்பதும் கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல.

மீன்வளப் படிப்பான பி.எஃப்.எஸ்சி. போகவில்லை. உயிரியல் பிரிவு அதற்குப் பொருத்தம், நீட் வேண்டாம், மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து இருக்கிறது. கட்டாயம் போட்டு வையுங்கள்.

---

தங்கச்சிமடத்தான்

நன்றி சார். மீன்வளம் போட்டுவிடுகிறோம். அப்படியானால் மீதி ஜியாலஜியும் சுற்றுச்சூழலும்தான். இரண்டில் சுற்றுச்சூழல்தான் அவள் கேட்பதற்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரிகிறது. சேருவதற்கும் அதுதான் லேசு என்கிறார்கள்.

---

சுத்தியல் அக்கா

தம்பி, உங்கள் நோட்டில் ஒரு கட்டம் குறைகிறது. சேர என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மேலே எங்கே நுழையலாம் என்பதற்கு ஒரு வரிசை இல்லையே. பிளஸ் டூ வாசலில் ஜியாலஜியும் சுற்றுச்சூழலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அறிவியல் பிரிவு படித்திருந்தால் போதும். வித்தியாசமெல்லாம் மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும்.

நான் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பி.எஸ்சி ஜியாலஜி. இப்போது நிலத்தடி நீர் வேலை, போர்வெல் போடுவதற்கு முன், மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து தண்ணீர் தேடும் ஆய்வு பண்ணிக் கொடுப்போம்.

எம்.எஸ்சி சுற்றுச்சூழல் அறிவியலுக்கு வேதியியல், தாவரவியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி என்று எந்த அறிவியல் பட்டத்தோடும் நுழையலாம். ஜியாலஜி படித்தவரையும் பெரும்பாலான இடங்களில் ஏற்பார்கள். ஆனால் எம்.எஸ்சி ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி என்று வந்தால் பி.எஸ்சி-யில் ஜியாலஜி இருந்தே ஆகவேண்டும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகலாம், அந்தப் பக்கமிருந்து இங்கே வர வழி இல்லை. பதினேழு வயதில் எது பிடிக்கும் என்று முழுசாகத் தெரியாத பிள்ளைக்கு நான் ஜியாலஜியைத்தான் சொல்வேன்.

ஐ.ஐ.டி-யில் எம்.எஸ்சி ஜியாலஜிக்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு, அதில் ஜியாலஜிக்கென்று தனித்தாள் உண்டு. ஒரே எச்சரிக்கை, சில ஐ.ஐ.டி-கள் பட்டத்தோடு பிளஸ் டூ-வில் கணக்கு படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். தேர்வில் தேறியும் இந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் தங்கச்சி ஐ.ஐ.டி. கனவு கண்டால் கண்ணைத் திறந்துகொண்டு காணட்டும்.

அரசுக் கல்லூரிகளில் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சேலத்திலும் ஜியாலஜி இருக்கிறது. வ.உ.சி. அரசு உதவிபெறும் கல்லூரி, அங்கே கல்லூரிக்கே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், நெட்சென்டர் காக்கா சொன்ன பொது விண்ணப்பத்தில் வராது. நமக்கு அதுதான் பக்கம். ராம்நாட்டிலிருந்து சாயல்குடி, வேம்பார் வழியாக பஸ்.

ஒரு கூத்து சொல்கிறேன். களப்பயணத்துக்கு எங்களை எங்கே கூட்டிப் போனார்கள் தெரியுமா? பாம்பன்! வடகரையில் கடல் மட்டத்துக்கு மேலே பழைய பவளப்பாறைத் திட்டு கிடக்கிறதே, அதை அளக்க. சின்ன வயதில் அதில் ஏறி விளையாடியிருக்கிறேன், முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு டேப்பும் சாய்வு அளக்கும் கிளினோமீட்டருமாகக் குனிந்து பார்த்தபோதுதான் ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் அறை அறையான வடிவம் அப்படியே இருப்பது கண்ணில் பட்டது. உயிரோடு தண்ணீருக்குள் வளர்ந்த பவளம் இப்போது வெயிலில் நிற்கிறதென்றால் கடல் இறங்கியிருக்கவேண்டும் அல்லது தரை எழும்பியிருக்கவேண்டும். எது என்று ஆசிரியர் கேட்க, ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். சித்தி வீட்டிலிருந்து டீ வந்தது.

---

தொண்டி ரோடு

அக்கா ரொம்ப பயமுறுத்துகிறார். பக்கத்திலேயே ஏதாவது ஒரு பி.எஸ்சி படிக்கட்டும், அப்புறம் எம்.எஸ்சி சுற்றுச்சூழல், அப்புறம் ஜி.எஸ்.ஐ. தேர்வு எழுதி மத்திய அரசு வேலை. இதற்கு எதற்கு தூத்துக்குடி ஹாஸ்டல்?

---

மண்டபம் கேம்ப்

எம்.எஸ்சி சுற்றுச்சூழல் படித்துவிட்டு இங்கே ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருக்கிறேன். தொண்டி ரோடு அண்ணன் சொல்வது நடக்காது.

ஜி.எஸ்.ஐ. என்கிற இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பது யூ.பி.எஸ்.சி-யின் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு. ஜியாலஜிஸ்ட் பதவிக்கு எந்தெந்த முதுநிலைப் பட்டம் செல்லும் என்று அறிவிப்பில் பெயர் பெயராகப் போட்டிருப்பார்கள். ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, மரைன் ஜியாலஜி, ஜியோ கெமிஸ்ட்ரி என்று நீளும். சுற்றுச்சூழல் அறிவியல் அந்த வரிசையில் இல்லை. நிலத்தடி நீர் வாரியத்தின் ஹைட்ரோஜியாலஜி விஞ்ஞானி பதவியும் அதே தேர்வுதான், அதற்கும் ஜியாலஜி சார்ந்த பட்டம் வேண்டும். வேதியியல் எம்.எஸ்சி படித்தவருக்குக்கூட அதே தேர்வில் கெமிஸ்ட் பதவி உண்டு. எங்களுக்கு இல்லை.

அதே பட்டியலில் நம் ஊருக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு: கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வு. அந்தப் பெயரிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு நம் மாவட்டத்தில், தொண்டியில் துறை இருக்கிறது. தொண்டி ரோட்டிலேயே குடியிருக்கிற அண்ணனுக்கு இது தெரியாமல் போச்சே! அங்கே எந்தெந்த இளநிலைப் பட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள், சான்றிதழில் பட்டத்தின் பெயர் என்னவென்று அச்சாகும் என்று அந்த வருட அறிவிப்பை வரி வரியாகப் பார்த்துவிட்டுச் சேர வேண்டும். தேர்வாணையம் பார்ப்பது அச்சான பெயரைத்தான்.

இப்போது தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அதைப் பார்த்துக்கொள்வது வனத்துறை. அந்தத் துறையின் மேல்மட்டத்துக்கு ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வனப் பணித் தேர்வு. அதற்கான இளநிலைப் பாடங்கள்: கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல். இதில் ஏதாவது ஒன்று பட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். வெறும் சுற்றுச்சூழல் அறிவியல் என்று பி.எஸ்சி வாங்கினால் காட்டைப் பற்றியே மூன்று வருடம் படித்தும் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாமல் போகலாம்.

என் படிப்பைக் குறை சொல்லவில்லை. யூ.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலுக்குத் தனித்தாள் உண்டு, உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போகலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு எங்களையும் எடுப்பார்கள், வேதியியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி ஆட்களையும் எடுப்பார்கள். எம்.எஸ்சி-யாக அது நல்ல படிப்பு. பி.எஸ்சி-யிலேயே அதை எடுப்பதுதான் எனக்கு சரியாகப் படவில்லை. அடியில் ஒரு பழைய பாடம் இருக்கட்டும்: வேதியியலோ, விலங்கியலோ, ஜியாலஜியோ.

---

தங்கச்சிமடத்தான்

இதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். ஐ.எஃப்.எஸ். வரியில் மட்டும் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

இன்னொன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் என்கிறார்களே, அது இதில் உதவுமா? அவள் எட்டாவது வரை ஊரில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் படித்தாள், ஒன்பதிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி.

---

கீழக்கரை நெட்சென்டர்

அந்தப் பள்ளி அரசு உதவிபெறும் பள்ளியாகத்தான் இருக்கும். அப்படியானால் வராது தம்பி. 2021-ல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீதம் உண்டு. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் (கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு). உதவிபெறும் பள்ளி அந்தக் கணக்கில் சேராது. நம் கரையோரத்தில் பாதிப் பிள்ளைகள் இதில்தான் விடுபடுகிறார்கள். எனக்குக் கேட்டால் இது அநியாயம், ஒரே தெரு, ஒரே வருமானம், பள்ளியின் கேட் மட்டும் வேறு. பி.எஸ்சி ஜியாலஜிக்கு அந்த ஒதுக்கீடே இல்லை, எனவே அங்கே நஷ்டமும் இல்லை.

மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தை மட்டும் 2024 கடைசியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் விரித்தார்கள். அவள் தமிழ்வழி என்றால் இரண்டு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகத்தான் அதற்கு விண்ணப்பம்.

அப்புறம் வீட்டில் முதல் பட்டதாரி இவள்தானே? இ-சேவையில் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் இன்றைக்கே போடுங்கள். ஜூனில் போட்டால் தாசில்தார் அலுவலகங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள்.

---

தேவிபட்டினம் அப்பா

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். என் மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பு சேரப் போகிறான். இதே ஆசை. அவனுக்கு எந்த குரூப்?

---

பனைக்குளம் வாத்தியார்

இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்கும் உள்ள முதல் குரூப். யோசிக்கவே வேண்டாம். இந்த இழையில் போகிறது, போகிறது என்று நான் எழுதியதெல்லாம் அவனுக்குப் போகாது. கணக்கில் சுமாரான பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, புவி அறிவியலுக்கு வேண்டிய கணக்கைக் கல்லூரியில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம், பாடத்தின் பெயர் மார்க் சீட்டில் இருப்பதுதான் முக்கியம். பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்ததும் சி.யூ.இ.டி., ஐ.ஏ.டி. அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்குங்கள். சி.யூ.இ.டி. தமிழிலும் எழுதலாம். அதில் எந்தப் பாடத் தாள்களை எழுதுவது என்பதைச் சேர விரும்பும் துறை கேட்பதைப் பார்த்துத்தான் டிக் அடிக்க வேண்டும், தெரிந்த பாடம் என்று எதையாவது அடித்தால் தேர்வில் நல்ல மார்க் வாங்கியும் பயனில்லை.

---

துபாய் கீழக்கரை

வெளிநாடு யாரும் சொல்லவில்லையே? ஜெர்மனியில் கட்டணமே கிடையாது என்கிறார்கள். தங்கச்சியை நேராக அங்கே அனுப்பிவிடலாமே.

---

மண்டபம் கேம்ப்

பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்து ஜெர்மனியில் நேரடியாக இளநிலை சேர முடியாது. இங்கே கல்லூரியில் ஒரு வருடமாவது முடித்திருக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். கட்டணம் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லைதான், ஆனால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்டினால்தான் விசா. நாட்டுப்படகு வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

எம்.எஸ்சி-க்குப் போவது வேறு கதை. அங்கே பி.எஸ்சி-யில் ஜியாலஜி தாள்கள் எத்தனை, வேதியியல் எத்தனை, கணக்கு எத்தனை என்று கிரெடிட்டை எண்ணிப் பார்ப்பார்கள். ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் வேண்டும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் செமஸ்டரிலிருந்து ஒவ்வொரு பாடத்திட்டத் தாளையும் பத்திரமாக வைத்துக்கொள்வது.

---

சுத்தியல் அக்கா

இங்கேயே பக்கத்தில் கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி மரைன் ஜியாலஜி இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. பாண்டிச்சேரியில் அப்ளைடு ஜியாலஜி. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், அது விலங்கியல் பக்கம் போகிறவர்களுக்கு. முதலில் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் பெர்லினைப் பார்க்கலாம்.

---

தங்கச்சிமடத்தான்

நேற்று ராத்திரி வீட்டில் பேசினோம். முதல் விருப்பம் வ.உ.சி. ஜியாலஜி. இரண்டாவது மீன்வளம். பொது விண்ணப்பத்தில் மாநிலக் கல்லூரி ஜியாலஜியும், அது கிடைக்காவிட்டால் ராம்நாட்டுப் பக்கத்துக் கல்லூரிகளில் வேதியியல், விலங்கியலும். சுற்றுச்சூழலை எம்.எஸ்சி-க்கு வைத்துக்கொள்கிறாளாம். அம்மாவுக்கு ஹாஸ்டல்தான் யோசனை. அப்பா "மலை மலையா ஏறணுமாமே, பொம்பளப் பிள்ளை" என்று இழுத்தார். "நீங்க கச்சான் காத்துல கடலுக்குப் போறீங்களே" என்றாள் இவள்.

அக்கா, ஒரு கேள்வி. வ.உ.சி-யில் விண்ணப்பம் போடும்போது வேறு என்ன கையில் இருக்க வேண்டும்? உங்கள் வகுப்பில் பெண்கள் இருந்தார்களா?

---

சுத்தியல் அக்கா

இருந்தோம். மலை ஏறுவதில் கஷ்டமில்லை, இறங்கும்போது பையில் இருக்கிற கல்தான் கனம். அப்பாவிடம் சொல்லுங்கள், களப்பயணத்துக்கு ஆசிரியர்கள் கூடவே வருவார்கள், பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியையும் வருவார்.

விண்ணப்பத்துக்கு பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்று, டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ. சாதிச் சான்றில் உள்ள பெயரும் மதிப்பெண் சான்றில் உள்ள பெயரும் இனிஷியலோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நம் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்றில், வீட்டுப் பெயர் ஒன்றில் என்று இருக்கும்.

---

தங்கச்சிமடத்தான்

பார்த்துவிட்டேன் அக்கா. சாதிச் சான்றில் ஒரு எழுத்து வேறாகத்தான் இருக்கிறது. காக்கா, நாளைக் காலையில் கீழக்கரை வருகிறோம், கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

---

கீழக்கரை நெட்சென்டர்

ஒன்பதரை. கீழக்கரை வரை எதற்கு அலைகிறீர்கள், திருத்தத்தை ராமேஸ்வரம் இ-சேவையிலேயே போடலாம். பழைய சான்றிதழ், பள்ளி டி.சி. நகல், அப்பாவின் சாதிச் சான்று மூன்றையும் எடுத்துப் போங்கள்.